துக்கமா? பாடா?

ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு நூலைக் கொண்டுவருவோர்க்குத் தெரியாத சொற்கள் செய்யும் தீங்கினும் தெரிந்த சொற்கள் செய்யும் தீங்கே பெரிது. தெரியாத சொல்லைக் கண்டால் அகராதியைப் புரட்டுகிறோம். வல்லாரை அணுகிக் கேட்கிறோம். தெரிந்த முகத்தோடு வரும் சொல்லையோ, "எங்கிருந்து வருகிறாய், இடையில் எங்கெங்கு தங்கினாய்?" என்று ஒரு வார்த்தையும் கேளாமல் வீட்டினுள் அழைத்து அமர்த்தி விடுகிறோம். வடமொழியிலிருந்து இந்நாட்டு மொழிகள் பலவற்றிலும் பரவிக் கிடக்கும் சொற்கள் இவ்வகையின. அவற்றுள் 'துக்கம்' என்ற ஒன்றை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். அது தமிழிலும் உண்டு, நேபாளியிலும் உண்டு. உருவம் ஒன்றே. பொருளும் ஒன்றுதானா என்பதே நம் வினா.

நேபாளி நமக்கு அத்தனை தொலைவான மொழியன்று. சிக்கிமிலும் டார்ஜிலிங் மலைப்பகுதியிலும் வழங்கும் அம்மொழி 1992இல் நம் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றது. தமிழகத்து நகரங்களில் இரவுக் காவல் புரிவோரை, அவர் எவ்வூரார், எக்குலத்தார் என்று அறியாமலே, 'கூர்க்கா' என்ற ஒரே பெயரால் அழைத்துப் பழகியிருக்கிறோம். அரபு நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற நம் சபுராளிகளைக் கேளுங்கள். நேபாளத்துத் தொழிலாளரோடு ஒரே விடுதியில் உண்டு உறங்கியவர்கள் அவர்களுள் பலர். ஆயினும் இரு மொழியாரும் ஒருவர் சொல்லை ஒருவர் எந்த அளவுக்கு விளங்கிக்கொண்டோம் என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

நேபாளத்தார் ஒருவர், "மிகுந்த துக்கம் செய்து என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்" எனத் தம் மொழியில் கூறுவதாகக் கொள்வோம். 'துக்க கர்னு' என்பது அம்மொழியின் அன்றாட வழக்கு. சொல்லுக்குச் சொல் வைத்தால் 'துக்கம் செய்தல்'. தமிழர் செவியில் இது எப்படி விழும்? வீட்டில் யாரோ இறந்துவிட்டார். அழுதுகொண்டே பிள்ளைகளை வளர்த்தார் என்றே விழும். அவர் கூறியதோ, "பாடுபட்டுப் படிக்க வைத்தேன்" என்பதாகும். அவர் சொன்னதில் இழவில்லை, உழைப்பு இருக்கிறது. கூர்ந்து கேட்டால் சிறிது பெருமிதமும் இருக்கிறது.

தமிழ்த் துக்கத்தின் எல்லை

தமிழில் துக்கம் என்ற சொல் எங்கெங்கு நிற்கிறது எனப் பார்ப்போம். துக்க வீடு என்றால் மரணம் நிகழ்ந்த வீடு. துக்கம் விசாரித்தல் என்றால் இறந்தவர் வீட்டுக்குச் சென்று ஆறுதல் கூறுதல். நாம் 'தஃஸியத்' என்பதும் அதுவே. தலைவர் ஒருவர் மறைந்தால் அரசு துக்கம் அனுசரிக்கிறது. கொடிகள் அரைக் கம்பத்தில் பறக்கின்றன. 1947 ஆகஸ்டு 15ஆம் நாளைத் துக்க நாள் எனப் பெரியார் அறிவித்தபோது, காஞ்சி தந்த அண்ணா அதனை வெளிப்படையாக மறுத்து நின்றார். அவ்விருவர்க்கும் இடையே எழுந்த அக்கருத்து வேறுபாட்டின் கூர்மை முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருந்தது. 'கடினமான நாள்' என்று பெரியார் சொல்லியிருந்தால் அத்துணைச் சூடு எழுந்திராது. துக்க நாள் என்றமையால் அது சாவுக்குரிய நாளாகவே மக்கள் செவியில் ஒலித்தது.

ஆக, தமிழில் இச்சொல் மரணத்தின் அருகிலே குடியமர்ந்துவிட்டது. துக்கம் தொண்டையை அடைக்கும். துக்கம் தாளாமல் ஒருவர் மயங்கி விழுவார். ஆனால் துக்கம் செய்து நெல் விளைவித்தார், துக்கம் செய்து சேலை நெய்தார் என்று தமிழர் எவரும் சொல்வதில்லை. துக்கம் நமக்கு வருவது, நாம் செய்வதன்று.

நேபாளித் துக்கத்தின் எல்லை

நேபாளியில் அச்சொல் பல வாசல்களை உடையது. 'துக்க லாக்னு' என்றால் மனம் வருந்துதல். இது நம் துக்கத்துக்கு அண்மையது. 'துக்க பாவுனு' என்றால் இன்னலுக்கு ஆளாதல். 'துக்க தினு' என்றால் பிறர்க்குத் தொல்லை தருதல். ஒருவரிடம் ஓர் உதவி பெற்றபின், "உங்களுக்குத் துக்கம் கொடுத்துவிட்டேன்" என்று பணிவாகச் சொல்வதுண்டு. அவ்விடத்தில் நாம் "சிரமம் கொடுத்துவிட்டேன்" என்போம். 'துக்னு' என்ற வினைச்சொல் உடல் நோவைக் குறிக்கும். தலை நோகிறது, கால் நோகிறது என்பதற்கு அதுவே வழக்கு. இவற்றோடு 'துக்க கர்னு', அஃதாவது உழைத்தல்.

இன்னும் ஒன்று, 'துக்க பிஸாவுனு' என்பது. 'பிஸாவுனு' என்றால் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுதல். நேபாள மலைப்பாதைகளில் அரச மரத்தடியிலும் ஆல மரத்தடியிலும் கல்மேடை கட்டியிருப்பார்கள். 'சௌதாரி' என்பது அதன் பெயர். முதுகுச் சுமையோடு ஏறிவரும் கூலியாள் அதன்மேல் சுமையை இறக்கிச் சற்றே அமர்வான். மனத்திலுள்ளதை ஒருவரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வதற்கும் அச்சொல்லையே வழங்குகிறார்கள். நம் ஊர்ச் சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல்லைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. சுமையும் துயரும் ஒரே மேடையில் இறக்கப்படுகின்றன. உடலின் பாரமும் உள்ளத்தின் பாரமும் அம்மொழியில் ஒரு பெயரையே பெற்றிருக்கின்றன.

லட்சுமி பிரசாத் தேவகோட்டாவின் 'முனா மதன்' நேபாள மக்கள் பெரிதும் போற்றும் கதைப்பாட்டு, 1930களில் வந்தது, 'ஜ்யாவுரே' என்னும் நாட்டுப்புற மெட்டில் அமைந்தது. பொருள் தேடி லாசாவுக்குப் புறப்படுகிறான் மதன். தடுத்தும் கேளாமல் அவன் சென்றபின் வீட்டில் காத்திருக்கிறாள் முனா. திரும்பும் வழியில் நோயுற்று வீழ்ந்தவனைத் திபெத்தியர் ஒருவர் காப்பாற்றுகிறார். வீட்டை அடையும்போது முனா உலகில் இல்லை. பயணத்தின் உழைப்பும் இழப்பின் அழுகையும் அக்கதையில் பின்னிக் கிடக்கின்றன. இவ்விரண்டுக்கும் சேர்த்து ஒரு சொல்லைக் கையில் வைத்திருக்கும் மக்கள் அக்கதையைத் தம் கதையாகவே ஏற்றதில் வியப்பென்ன? அதனைத் தமிழில் தர முனைவோர் வருமிடமெல்லாம் 'துக்கம்' என்றே எழுதிச் செல்வாராயின், மதன் நடந்த வழி நமக்குத் தெரியாது. முனாவின் மரணம் ஒன்றே தெரியும்.

இடம் மாறிய இரு சொற்கள்

இங்கே ஒரு விந்தையைக் காண்க. 'சிரமம்' என்பதும் வடசொல்லே. மூலத்தில் அதன் பொருள் உழைப்பு, உழைப்பால் வரும் களைப்பு. நேபாளியில் 'ஷ்ரம்' இன்றும் உழைப்பையே குறிக்கிறது; அந்நாட்டின் தொழிலாளர் துறைக்குரிய பெயரிலும் அச்சொல்லே உள்ளது. தமிழிலோ, 'சிரமதானம்' போன்ற ஒன்றிரண்டு கூட்டுச்சொற்களை விட்டுவிட்டால், சிரமம் என்பது தொல்லையாகவும் இடையூறாகவும் மாறிவிட்டது. "சிரமமாக இருக்கிறது" என்பவர் தாம் உழைப்பதாகச் சொல்லவில்லை. தமக்கு இயலவில்லை என்கிறார்.

அஃதாவது, உழைப்பைக் குறித்த சொல் தமிழில் துன்பமாயிற்று. துன்பத்தைக் குறித்த சொல் நேபாளியில் உழைப்பாயிற்று. இரு மொழியும் ஒரே கடையில் இரண்டு சரக்குகளை வாங்கி, ஒன்றுக்கொன்று மாறான வேலைக்கு வைத்துக்கொண்டன. எனவே எழுத்தொலியை நம்பி மொழிபெயர்ப்பவர் இரண்டு இடத்திலும் வழுக்கி வீழ்வார்.

இனி, நேபாளித் துக்கத்துக்கு நிகரான சொல் தமிழில் இல்லையோ எனின், உண்டு. பழையதாகவும் உண்டு, வளமாகவும் உண்டு. 'வருத்தம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்க. இன்று அது மனக்கவலை. இலங்கைத் தமிழரிடத்தில் அது நோய். ஆனால் திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் உடல் வருத்தம் என்பது முயற்சியையே குறிக்கிறது. 'உழத்தல்' என்ற பழஞ்சொல்லுக்கு வருந்துதலும் உண்டு, உழைத்தலும் உண்டு. உழவு அதிகாரத்தின் முதற் குறளிலேயே அச்சொல் அவ்விரு நிழலோடும் நிற்கக் காணலாம்.

இவை அனைத்தினும் நமக்குப் பயன்படுவது 'பாடு' என்னும் சொல். படுதல் என்பதிலிருந்து பிறந்தது அது. பட்டபாடு என்றால் அடைந்த துன்பம். பாடுபடுதல் என்றால் உழைத்தல். வயிற்றுப்பாடு என்றால் அன்றாடப் பிழைப்பு. கிறிஸ்தவத் தமிழர் தம் வேதத்தில் இயேசுவின் துயரங்களைப் 'பாடுகள்' என்றே வழங்குகின்றனர். உழைப்பாளிக்குத் தமிழ் இட்ட பெயர் 'பாட்டாளி'. பாடு உடையவன் பாட்டாளி. நேபாளியில் 'துக்கி' என்றால் துயருற்றவன், ஏழை. தமிழோ அதே இடத்திலிருந்து தொடங்கி, தலை நிமிர்ந்து நிற்கும் ஒரு பெயரை ஆக்கிக்கொண்டது. இச்சொல் கையிருக்க, துக்கம் என்று எழுதுவது நெல்லிருக்க உமி தேடுவதாகும்.

அரபு கற்பிக்கும் பாகுபாடு

துன்பத்தைக் குறிக்கும் சொற்களைப் பிரித்தறிவதில் அரபு மொழிக்குள்ள நுட்பம் நம் மாணவர்க்குத் தெரிந்ததே. தெரிந்தும் தமிழில் எழுதும்போது அவர்கள் அதை மறந்துவிடுவதே குறை. ஸஹீஹுல் புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஒரு நபிமொழி, முஸ்லிமைத் தீண்டும் இடர்கள் அவருடைய பாவங்களுக்குப் பரிகாரமாகும் எனக் கூறுமிடத்து, இடர்களை ஆறு பெயரால் எண்ணுகிறது. நஸப் என்பது உழைப்பால் வரும் களைப்பு. வஸப் என்பது நீங்காத நோவு. ஹம்ம் என்பது வரப்போவதை எண்ணும் கவலை. ஹுஸ்ன் என்பது இழந்ததை எண்ணும் துக்கம். அதா என்பது பிறர் இழைக்கும் தொல்லை. ஃகம்ம் என்பது நெஞ்சை மூடும் இறுக்கம். மதரஸா வகுப்புகளில் இதனைத் தமிழாக்கச் சொன்னால் ஆறனுள் நான்கிற்கேனும் 'துன்பம்' என்ற ஒரே சொல்லை எழுதும் மாணவரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். ஆறு பேரை அழைத்தவரிடம் ஒருவரை அனுப்பி வைப்பது போன்றது அது.

இவற்றுள் நஸபும் ஹுஸ்னும் ஒன்றல்ல என்பதற்குத் திருமறையே சான்று. ஃபாத்திர் அத்தியாயத்தின் 34ஆம் வசனம், சுவர்க்கத்தினர் தம்மைவிட்டுக் கவலை அகற்றப்பட்டமைக்காக இறைவனைப் புகழ்வதைக் கூறுகிறது. அடுத்த 35ஆம் வசனம், உழைப்பின் களைப்பும் அங்குத் தம்மைத் தீண்டாது என அவர்கள் கூறுவதைத் தனியே சொல்கிறது. கவலை நீங்கியது என்றால் களைப்பும் நீங்கியது என்று விட்டுவிடவில்லை. இரண்டும் வெவ்வேறாதலின் இரண்டும் வெவ்வேறாகவே சொல்லப்பட்டன. மூஸா (அலை) அவர்கள் தம் பயணத்தில் அடைந்த களைப்பைக் கஹ்ஃபு அத்தியாயம் நஸப் என்கிறது. யஃகூப் (அலை) அவர்கள் தம் மகனை இழந்து கண்ணொளி மங்கியதை யூஸுஃப் அத்தியாயம் ஹுஸ்ன் என்கிறது. நடந்தவர் களைப்பையும் தந்தையின் துக்கத்தையும் ஒரே பெயரால் அழைத்திருப்பின் இரண்டு வரலாறும் மங்கியிருக்கும்.

அதே நஸப் என்னும் வேரிலிருந்து பிறந்த ஏவற்சொல் ஷரஹ் அத்தியாயத்தில் 'பாடுபடுவீராக' என்னும் பொருளில் வருவதையும் நோக்குக. களைப்புக்கும் முயற்சிக்கும் ஒரே வேர். நேபாளியின் 'துக்க', தமிழின் 'பாடு', அரபியின் 'நஸப்' ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அறியாமலே ஓரிடத்தில் வந்து சந்திக்கின்றன. நம் துக்கமோ ஹுஸ்னோடு போய் அமர்ந்துகொண்டது.

காஞ்சிக்கு வந்த சொல்

இச்சொல்லின் வரலாற்றில் நம் காஞ்சிக்கும் ஓர் இடமுண்டு. புத்தர் பிறந்த லும்பினி இன்றைய நேபாளத்தின் எல்லைக்குள் இருக்கிறது. அசோகர் நாட்டிய தூண் அங்கு இன்றும் நிற்கிறது. அவர் போதனையின் நடுவில் உள்ள சொல் பாலி மொழியில் 'துக்க'. பௌத்த ஆசிரியர்கள் அதனை மூவகையாகப் பிரிப்பர்: நோவே துன்பமாதல், இன்பமும் மாறுதலால் துன்பமாதல், பிறவற்றைச் சார்ந்து தோன்றிய அனைத்தும் நிலையாமையால் துன்பமாதல். அப்போதனை தெற்கே வந்து தழைத்த நகரங்களுள் காஞ்சி ஒன்று. 7ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், நாலந்தாவில் புகழ்பெற்ற தர்மபாலர் இந்நகரில் பிறந்தவர் என எழுதிச் சென்றார்.

மணிமேகலைக் காப்பியத்தின் நாயகி அறவண அடிகளிடம் பௌத்த மெய்ப்பொருளைக் கேட்டறிவதும் இக்காஞ்சியிலேயே. அங்குச் சாத்தனார் பௌத்தரின் அச்சொல்லுக்குத் 'துன்பம்' என்ற தமிழ்ச்சொல்லைக் கையாள்கிறார். இன்று பௌத்தம் பற்றித் தமிழில் எழுதுவோர் சிலர், மூலத்துக்கு நெருக்கம் என்றெண்ணி, "வாழ்க்கை துக்கம்" என எழுதுகின்றனர். படிப்பவர்க்கு உலகமே சாவு வீடு எனத் தோன்றுகிறது. பௌத்தம் அழுமூஞ்சிச் சமயம் என்ற தவறான எண்ணமும் பிறக்கிறது. பௌத்தக் கொள்கை நமக்கு உடன்பாடன்று. ஆயினும் பிறர் கொள்கையை அவர் சொன்ன பொருளில் அறிந்து மறுப்பதே அறிஞர்க்கு அழகு.

மணிமேகலை காஞ்சிக்கு வந்தபோது இங்குப் பஞ்சம். அவள் முதலில் செய்தது அமுதசுரபியால் பசித்தவர்க்குச் சோறிட்டது. துன்பத்தின் தத்துவத்தைக் கேட்டது அதன் பின்னரே. இவ்வரிசை கருதத்தக்கது. பசி என்பது துக்கம் விசாரிக்கத் தக்கதன்று, சோறிடத் தக்கது என்பதைக் காப்பியப் புலவர் அறிந்திருந்தார்.

தறியைப் பற்றி எழுதுவோர்க்கு

சொல்லாராய்ச்சி இதனோடு முடிந்தால் ஏட்டளவில் நின்றுவிடும். நாம் இதனை எழுதத் துணிந்தது பிள்ளையார்பாளையத்துத் தறிகளை முன்னிட்டு. காஞ்சிப் பட்டு 2005ஆம் ஆண்டு முதல் புவிசார் குறியீடு பெற்ற பொருள். கர்நாடகத்திலிருந்து பட்டிழை வருகிறது. சூரத்திலிருந்து ஜரிகை வருகிறது. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்பவர் ஒருவர் போதாது, கரை நாடாவைத் தள்ள அருகில் ஒரு துணை வேண்டும். பல்லாண்டுக் காலம் அத்துணை பள்ளிக்குச் செல்ல வேண்டிய சிறுவராகவே இருந்தனர். குழித்தறியில் கால்களை இறக்கி, இழையின்மேல் கண் பதித்து, நாள் முழுதும் குனிந்திருக்கும் வேலை அது.

இவ்வாழ்வைப் பற்றி நம் கவிஞரும் கதாசிரியரும் எழுதியவற்றைப் படித்துப் பாருங்கள். நெசவாளி அழுகிறான், அவன் மனைவி கிழிந்த சேலை கட்டியிருக்கிறாள், இறுதியில் ஒரு மரணம். பிரியதர்ஷன் இயக்கி 2008இல் திரைக்கு வந்து தேசிய விருது பெற்ற 'காஞ்சிவரம்' படமும் பெற்ற மகளின் உடலை முற்றுப்பெறாத பட்டால் மூட முயலும் தந்தையோடு முடிகிறது. அப்படத்தின் உண்மையை நாம் மறுக்கவில்லை. அதில் தறியும் இருக்கிறது, கூலிக்கான போராட்டமும் இருக்கிறது. ஆனால் அதன் பெயரைச் சொன்னால் பார்த்தவர் நினைவில் எழுவது அந்த மரணக் காட்சியே. எழுத்திலும் அப்படியே. நெசவாளியின் துக்கத்தை எழுதினோம். அவர் பாட்டை எழுதவில்லை. ஒரு சேலைக்கு எத்தனை நாள், பாவிழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க எத்தனை விரல், கூலி என்ன, அக்கூலி எப்போது கைக்கு வந்தது என்பவை நம் இலக்கியத்தில் ஏறவில்லை.

ஒருவர் கேட்கலாம்: "ஏழையின் உழைப்பு துக்கமன்றி வேறென்ன? நேபாளிகள் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கியது, இரண்டும் ஒன்றே என அவர்கள் பட்டறிந்ததால் அன்றோ?" நல்ல கேள்வி. மலையேறிச் சுமை சுமந்த மக்கள் தம் சொந்த வாழ்வைக் கண்டு ஆக்கிய சொல் அது. அதனுள் உழைப்பு முன்னே நிற்கிறது, துயரம் பின்னே நிற்கிறது. சுமப்பவரே தம்மைப் பற்றிச் சொல்லும் சொல்லாதலின் அங்கு அது பொருந்துகிறது. நம் துக்கமோ கரையில் நிற்பவர் தறிக்குழியில் இருப்பவரைப் பார்த்துச் சொல்வது. சொல்பவர் மாறினால் சொல்லின் எடையும் மாறும்.

இதன் விளைவு சொல்லோடு நிற்பதன்று. துக்கம் என்றால் நாம் செய்ய வேண்டியது என்ன? சென்று விசாரிக்க வேண்டும், ஸபூர் செய்யச் சொல்ல வேண்டும், திரும்ப வேண்டும். ஷரீஅத்தில் இறந்தவர்க்காகத் துக்கம் காப்பதற்கு மூன்று நாள் என எல்லை உண்டு. கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதமும் பத்து நாளும். அதன்பின் துக்கம் முடிந்தது. பாடு என்றால் செய்ய வேண்டியது வேறு. பாட்டுக்கு எதிரே கூலி நிற்கிறது. கூலிக்குக் கணக்கு இருக்கிறது. கணக்கைத் தீர்க்கும்வரை கடன் நம் தலைமேல் இருக்கிறது. உழைத்தவன் கூலியைத் தாமதியாது கொடுக்க வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கிட்ட கட்டளை. கூலி கேட்டு நிற்பவரிடம் ஸபூர் செய்யுமாறு உபதேசிப்பது, ஹுஸ்னுக்கு உரிய மருந்தை நஸபுக்குக் கொடுப்பதாகும். மருந்து நல்லதே, நோய் வேறு.

ஆகவே மொழிபெயர்ப்பாளர்க்கு நாம் சொல்வது இது. நேபாளியிலோ பாலியிலோ 'துக்க' என்ற சொல்லைக் கண்டால் உடனே துக்கம் என எழுதிவிட வேண்டாம். அவ்விடத்தில் கண்ணீர் இருக்கிறதா, வியர்வை இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணீராயின் துக்கம் என்க. நோவாயின் நோவு என்க. தொல்லையாயின் சிரமம் என்க. வியர்வையாயின் பாடு என்க. நம் ஊர் நெசவாளரைப் பற்றி எழுதும் இளைய எழுத்தாளர்க்கும் இதே சொல். அவர் வீட்டில் மரணம் நிகழ்ந்தால் துக்கம் விசாரிக்கச் செல்லுங்கள். மற்ற நாட்களில் அவர் தறிக்கு முன்னே சென்றமர்ந்து, அன்றைய பாடு என்ன, அதற்கு வந்த கூலி என்ன என்று கேட்டு எழுதுங்கள்.